சரளை, செம்மண், மணல், களி: எந்த மண்ணுக்கு எந்த மோடு?

புதிதாக அட்வெஞ்சர் பைக் வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "மண் ரோட்டுக்கு எந்த மோடு போடணும்?" என்றுதான். மண் ரோடு என்று ஒரே ஒரு சாமான் இருந்தால் பதில் சொல்லிவிடலாம். செட்டிநாட்டில் அப்படி இல்லை. காரைக்குடியை விட்டு உள்ளே கொஞ்ச தூரம் போனாலே செம்பூராங்கல் சரளை வரும். அப்புறம் டிராக்டர் தடம் ஆழமாக விழுந்த செம்மண், தைலமரக் காட்டுக்குள் சருகு மூடிய ஒற்றையடிப் பாதை, தண்ணீரே இல்லாத காட்டாற்று மணல், கண்மாய் உள்வாயின் களி என்று அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். சரளையில் உங்களைக் காப்பாற்றும் அமைப்பு மணலில் உங்களைப் புதைத்துவிடும்.

அதனால் திரையில் தெரியும் பெயரை நம்பாதீர்கள். ஒரு கம்பெனி 'ஆஃப்ரோடு' என்று எழுதியிருப்பதும் இன்னொரு கம்பெனி அதே பெயரில் கொடுப்பதும் ஒன்றல்ல. பின் சக்கரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது, அங்கே வண்டி என்ன செய்ய வேண்டும் என்று பார்த்து முடிவெடுக்கப் பழகுங்கள். ஒரு சீசன் ஓட்டினால் கை தானாகவே சரியான பட்டனுக்குப் போகும்.

மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்

'மோடு' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள். குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

ஒன்று, பவர் வரும் விதம். பழைய வண்டிகளில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் கேபிள் இழுத்து, இன்ஜினுக்குக் காற்று போகிற வழியிலுள்ள தகட்டைத் திறக்கும். கால்வாசி முறுக்கினால் கால்வாசி திறக்கும், அவ்வளவுதான். ரைடு-பை-வயர் வண்டியில் அந்தக் கேபிளே கிடையாது. நீங்கள் எவ்வளவு முறுக்கினீர்கள் என்பதை ஒரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. தகட்டை எவ்வளவு திறக்கலாம் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது, ஒரு சின்ன மோட்டார் திறக்கிறது. மோடை மாற்றும்போது மாறுவது இந்தக் கணக்குதான். மென்மையான மோடில் பாதி முறுக்கினாலும் தகடு பாதிக்கும் குறைவாகவே திறக்கும், அதுவும் நிதானமாகத் திறக்கும். வேகமான மோடில் லேசாகத் தொட்டாலே பாயும். சில வண்டிகளில் மென்மையான மோடு உச்ச பவரையும் கொஞ்சம் வெட்டிவிடும். ஆனால் மண்ணில் நமக்கு அந்த உச்சம் தேவைப்படுவதே அபூர்வம். கை முறுக்கும் முதல் கால்வாசியில் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது டிராக்‌ஷன் கன்ட்ரோல். முன் சக்கரமும் பின் சக்கரமும் எந்த வேகத்தில் சுற்றுகின்றன என்பதைச் சென்சார்கள் பார்த்துக்கொண்டே இருக்கும். பின் சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றினால் வழுக்குகிறது என்று பொருள். உடனே இன்ஜின் பவரைக் குறைத்துவிடும்.

மூன்றாவது ஏ.பி.எஸ். இது பிரேக் பக்கம். சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடாமல், பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் 2019 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் இது கட்டாயம். தார் ரோட்டில் உயிரைக் காப்பாற்றுகிற சங்கதி. மண்ணில் விஷயம் வேறு. அதைச் சரளை பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

ஆகவே ஒரு மண்ணைப் பார்த்ததும் மூன்று கேள்விகள். பவர் மெதுவாக வர வேண்டுமா, உடனே வர வேண்டுமா? பின் சக்கரம் சுற்றுவதை அனுமதிக்கலாமா, கூடாதா? பின் பிரேக் பூட்டிக்கொள்ளலாமா, கூடாதா? மூன்றுக்கும் தனித்தனிப் பதில் உண்டு.

உங்கள் வண்டியில் இருப்பது என்ன

வண்டியோடு வந்த கையேட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துவிடுங்கள். யாரும் படிப்பதில்லை, அதனால்தான் சொல்கிறேன். நம் பக்கம் அதிகம் கண்ணில் படும் வண்டிகளை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இல் எக்கோ, பெர்ஃபார்மன்ஸ் என்று இரண்டு பவர் கணக்கு. ஒவ்வொன்றிலும் பின்பக்க ஏ.பி.எஸ்ஸை ஆன் அல்லது ஆஃப் வைக்கலாம். ஆக மொத்தம் நான்கு தேர்வு. டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது. அதைக் குறை என்று சிலர் சொல்வார்கள். கற்றுக்கொள்பவருக்கு அது குறையே இல்லை என்பது என் கட்சி, பின் சக்கரம் பேசுவது நேராகக் காதில் விழும்.

கே.டி.எம் 390 அட்வெஞ்சரில் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் உண்டு, பின்பக்க ஏ.பி.எஸ்ஸை மட்டும் அணைக்கிற ஆஃப்ரோடு அமைப்பும் உண்டு. வேரியன்ட்டுக்கு வேரியன்ட் கொஞ்சம் மாறும், உங்களுடையதில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிரையம்ப் ஸ்கிராம்பளர் 400 எக்ஸ்ஸில் ஏ.பி.எஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் இரண்டையும் அணைக்க வழி இருக்கிறது.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி கேபிள் வண்டி. அதில் ரோடு, ஆஃப்ரோடு, ராலி என்று மூன்று மோடு காட்டும். ஆனால் மூன்றுமே பிரேக் சம்பந்தப்பட்டவை, பவருக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆஃப்ரோடில் ஏ.பி.எஸ்ஸின் தலையீடு குறையும், ராலியில் அடியோடு இருக்காது. 'ராலி போட்டேன், வண்டி நல்லா இழுக்குது' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பழைய ஹிமாலயன் 411-ம் கேபிள்தான். பி.எஸ்-6 மாடலில் பின்பக்க ஏ.பி.எஸ்ஸை அணைக்கும் பட்டன் உண்டு. பவர் மோடே இல்லாத இந்த வண்டிக்காரர்களுக்கு என்ன வழி என்பதைப் பின்னால் சொல்கிறேன். அவர்களும் இந்த மண் கணக்கைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், பட்டன் செய்வதைக் கை செய்யப் போகிறது.

பொட்டலில் ஒரு காலை

எந்தப் பாதைக்கும் போகும் முன் ஒரு காலை நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். கிரிக்கெட் ஆடுகிற பொட்டல் எந்த ஊர்ப் பக்கமும் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். ஹெல்மெட், கையுறை, கணுக்கால் மூடும் பூட்ஸ், முழங்கால் கவசம் இவ்வளவும் பொட்டலுக்கும் உண்டு. மெதுவாகப் போகும்போதுதான் நிறையப் பேர் விழுகிறார்கள்.

முதல் பயிற்சி: இரண்டாவது கியரில் நடை வேகத்துக்குச் சற்று அதிகமாகப் போங்கள். மென்மையான மோடில் கையைக் கொஞ்சமாகத் திறந்து மூடுங்கள். அப்புறம் நிறுத்தி, வேகமான மோடுக்கு மாற்றி, அதே இடத்தில் அதே அளவு திறந்து மூடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். வேகமான மோடில் வண்டி முன்னால் பாயும், உடம்பு பின்னால் போகும், கை இன்னும் கொஞ்சம் முறுக்கும், வண்டி இன்னும் பாயும். இந்தச் சுழலில்தான் புதியவர்கள் முள்ளுக்குள் போய் விழுகிறார்கள். கையை ஆக்சிலரேட்டரில் பிடிக்கும் விதத்திலும் இதற்கு மருந்து உண்டு. கதவுக் குமிழைத் திருகுவது மாதிரி சற்றுச் சாய்வாகப் பிடியுங்கள், முழங்கை வெளியே தள்ளி நிற்கட்டும். அப்போது வண்டி குலுங்கினாலும் மணிக்கட்டு தானாக முறுக்காது.

இரண்டாவது பயிற்சி பின் பிரேக். நேராக, மெதுவான வேகத்தில் போய்ப் பின் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள். ஏ.பி.எஸ் ஆனில் இருந்தால் மிதி காலுக்கடியில் துடிக்கும், வண்டி நீங்கள் நினைத்ததைவிடத் தள்ளிப் போய் நிற்கும். பின்பக்கத்தை அணைத்துவிட்டு அதையே செய்யுங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு மண்ணில் கோடு கிழிக்கும், வால் லேசாக ஆடும். அந்த ஆட்டம் பயமாக இல்லாமல் பழகும் வரைக்கும் செய்யுங்கள். முன் பிரேக்கின் ஏ.பி.எஸ்ஸை மட்டும் அணைக்க வேண்டாம். பழகாத கைக்கு முன் சக்கரம் பூட்டினால் அடுத்த நொடி தரைதான்.

மூன்றாவது, மோடு மாற்றுவதையே ஒரு பயிற்சியாகச் செய்யுங்கள். சில வண்டிகளில் ஓடும்போதே பவர் மோடு மாறும், ஆனால் ஆக்சிலரேட்டரை மூடினால்தான் ஏற்கும். ஏ.பி.எஸ்ஸுக்கு வண்டி நின்றிருக்க வேண்டும், பட்டனை நீளமாக அழுத்த வேண்டும் என்று இருக்கும். இதையெல்லாம் மணலுக்கு நடுவில் கண்டுபிடிக்க முடியாது. மாற்றுவதை எப்போதும் மோசமான இடத்துக்கு முன்னால், காலூன்றி நின்றபடி செய்யுங்கள்.

சரளை

செட்டிநாட்டின் தனி முத்திரை இதுதான். அடியில் இறுகிப்போன செம்பூராங்கல் தரை, மேலே பட்டாணி அளவில் உருண்டை உருண்டையாகச் சரளை. ஆத்தங்குடிக் கல் பதித்த வழவழப்பான தரையில் கேழ்வரகைக் கொட்டிவிட்டு நடந்து பாருங்கள், அதேதான். டயரின் பற்கள் தரையைத் தொடுவதே இல்லை, உருளும் கற்களின் மேல் மிதந்து போகின்றன.

இங்கே பவர் மென்மையாக வர வேண்டும். எக்கோ, ரெயின் எது மென்மையோ அதைப் போடுங்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருந்தால் ஆனிலேயே இருக்கட்டும். அதில் அளவு வைக்க முடியுமானால் கொஞ்சம் சறுக்கலை அனுமதிக்கும் ஆஃப்ரோடு அளவு போதும். கியர் ஒன்று கூடுதலாகவே இருக்கட்டும். முதல் கியரில் இன்ஜின் ஒவ்வொரு துடிப்பும் பின் சக்கரத்தில் உதைக்கும், இரண்டிலோ மூன்றிலோ போனால் அந்த உதை மழுங்கிவிடும்.

பிரேக்தான் இங்கே பெரிய விஷயம். தாரில் ஏ.பி.எஸ் நிறுத்தும் தூரத்தைக் கட்டுக்குள் வைக்கும். உதிரிச் சரளையில் அதே ஏ.பி.எஸ் நிறுத்தும் தூரத்தை நீட்டிவிடும். சக்கரம் பூட்டினால் அதன் முன்னால் கல்லும் மண்ணும் குவிந்து, அந்தக் குவியலே ஒரு தடையாகி வண்டியை நிறுத்த உதவும். ஏ.பி.எஸ் பூட்ட விடாததால் குவியல் சேருவதே இல்லை, சக்கரம் கல் மேல் உருண்டு போய்க்கொண்டே இருக்கும். அதனால் பின்பக்கத்தை அணைப்பது நல்லது, பொட்டலில் பழகியிருந்தால் மட்டும். பழகவில்லை என்றால் ஆனிலேயே விட்டுவிட்டு வேகத்தைக் குறையுங்கள். வேகம் குறைவாக இருந்தால் எந்த அமைப்பும் உங்களை மன்னிக்கும்.

வளைவில் சரளை எங்கே ஒதுங்கியிருக்கிறது என்று கவனியுங்கள். வண்டிகள் போகும் இரண்டு தடங்களும் சுத்தமாக இருக்கும், நடுமேட்டிலும் ஓரத்திலும் குவிந்திருக்கும். தடத்திலேயே போங்கள். தடம் மாற வேண்டியிருந்தால் நிமிர்ந்த வண்டியில், ஆக்சிலரேட்டரைத் திறக்கவும் மூடவும் செய்யாமல், சீராகப் பிடித்துக்கொண்டு குறுக்கே கடந்து போங்கள்.

செம்மண்

காய்ந்திருந்தால் இதுதான் எளிது. இறுகிய செம்மண் பாதையில் வேகமான மோடில்கூடச் சும்மா போகலாம். முன்னால் போகிற வண்டியின் தூசி மட்டும் கண்ணை மறைக்கும், தள்ளியே போங்கள்.

நனைந்தால் ஆளே மாறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, மேலே ஒரு விரல் ஆழம் மட்டும் சொதசொதவென்று இருக்கும், அடியில் தரை கெட்டி. மேல் பூச்சு டயரின் பற்களுக்குள் அப்பிக்கொள்ளும். அப்புறம் உங்கள் டயர் மொட்டை டயர்தான். இங்கே மென்மையான மோடு, டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஆன், ஒரு கியர் கூடுதல், கிளட்ச்சில் இரண்டு விரல். பின் சக்கரம் பக்கவாட்டில் நழுவினால் பதறி ஆக்சிலரேட்டரை டக்கென்று மூடாதீர்கள். அப்படியே பிடித்துக்கொண்டு, போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் வால் தானாக வழிக்கு வரும்.

மழைக்கு அடுத்த நாள் வெளியே போக வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளலாம். ஈரமாக இருக்கும்போது பதிந்த தடம் காய்ந்ததும் கல்லாகிவிடும். அந்தப் பாதையில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அடுத்த மழை வரைக்கும் அதில் தடுமாறுவார்கள்.

மணல்

இங்கேதான் புதியவரின் உள்ளுணர்வு அவரை ஏமாற்றும். பயம் வந்தால் மென்மையான மோடு, டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஆன், மெதுவாக. சரளையிலும் சேற்றிலும் கைகொடுத்த இதே பட்டியல் மணலில் நேர் எதிராக வேலை செய்யும்.

மணிமுத்தாறு, தேனாறு போன்ற காட்டாறுகள் வருஷத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். தண்ணீர் வருகிற நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த மணலில் சக்கரம் எப்போதும் ஒரு சின்னக் குழியிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கிறது. இழுவை விட்டால் முன் சக்கரம் புதைந்து ஒரு பக்கமாக மடங்கும். இழுவை இருக்க வேண்டுமென்றால் பின் சக்கரம் கொஞ்சம் சுற்றித்தான் ஆக வேண்டும். அந்தச் சுற்றலைப் பார்த்து டிராக்‌ஷன் கன்ட்ரோல் 'ஐயோ வழுக்குது' என்று பவரை வெட்டும். வெட்டிய நொடியில் வண்டியின் எடை முன்னால் சரியும், ஹேண்டில் மடங்கும், நீங்கள் மணலை முத்தமிடுவீர்கள். மென்மையான மோடிலும் கிட்டத்தட்ட இதே கதை. உங்களுக்கு இப்போது வேண்டும் என்கிற பவர் அரை நொடி தாமதமாக வரும்.

ஆகவே மணலுக்கு முன் நின்று டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணையுங்கள். பவரை உடனே தரும் மோடுக்கு மாற்றுங்கள். ஹிமாலயன் 450 என்றால் பெர்ஃபார்மன்ஸ். பின்பக்க ஏ.பி.எஸ் ஆஃப். மணலில் பிரேக்குக்கு வேலை குறைவு, ஆக்சிலரேட்டரை மூடினாலே வண்டி நின்றுவிடும். முன் பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள்.

அப்புறம் காற்று. மணலில் எந்த எலக்ட்ரானிக்ஸையும்விட டயர் காற்றுதான் அதிகம் உதவும். கையேட்டில் சொன்ன அளவிலிருந்து ஐந்தாறு பி.எஸ்.ஐ குறைத்தால் டயர் அகலமாகப் படர்ந்து மணலின் மேல் ஏறி நிற்கும். டியூப் போட்ட சக்கரம் என்றால் 20-க்குக் கீழே போக வேண்டாம். மணலில் இருந்து ஏறியதும் ஒரு கல்லில் மோதினால் டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கிழிந்துவிடும். கையில் காற்றை அளக்கும் ஒரு சின்ன கேஜும் காற்றடிக்கும் பம்பும் இல்லாமல் காற்றைக் குறைக்காதீர்கள்.

புறப்படும்போது எழுந்து நின்று, இடுப்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு, இரண்டாவது கியரில் கிளட்ச்சை நிதானமாக விடுங்கள். நகர்ந்ததும் கொஞ்சம் திறந்து அந்த அளவிலேயே பிடியுங்கள். ஹேண்டில் இடதும் வலதும் ஆடும், ஆடட்டும். அதோடு மல்லுக்கட்டினால் கைதான் வலிக்கும். பார்வை அக்கரையில் இருக்கட்டும்.

வண்டி நின்று பின் சக்கரம் ஒரே இடத்தில் சுற்ற ஆரம்பித்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். இன்னொரு முறுக்கு முறுக்கினால் அச்சு வரைக்கும் இறங்கிவிடும். வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், பின் சக்கரம் குழியிலிருந்து வெளியே வரும். குழியைக் காலால் மண் தள்ளி மூடுங்கள். நிமிர்த்தி, பக்கத்தில் நடந்தபடியே இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டால் ஏறிவிடும். கிளட்ச் வாடை வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். சித்திரை வெயிலில் அது வண்டிக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான். ஹிமாலயன் 450 சுமார் 196 கிலோ, எக்ஸ்பல்ஸ் 160-ஐ ஒட்டி இருக்கும். தனியாளாகத் தூக்குவதற்கு இந்த வித்தியாசம் பெரிது. தனியாகப் போகாதீர்கள்.

கண்மாய்

பங்குனிக்கு மேல் கண்மாய்கள் வற்றி, உள்வாய் பரந்த மைதானம் போலத் தெரியும். வண்டியை உள்ளே விடக் கை துறுதுறுக்கும். இறங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்து உள்ளே போங்கள். காய்ந்த வண்டல் பாளம் பாளமாக வெடித்து, ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். ஒரு பாளத்தைப் பெயர்த்து அடியைப் பாருங்கள். அடிப்பக்கம் வெளுத்து, உள்ளே எறும்பு ஓடினால் தரை நன்றாகக் காய்ந்திருக்கிறது. கறுத்து, தொட்டால் விரலில் ஒட்டினால் அங்கேயே நில்லுங்கள். பூட்ஸ் குதிகாலை ஊன்றி ஒரு திருகு திருகுங்கள். குழியில் ஈரம் கசிந்தால் வண்டிக்கு அங்கே வேலை இல்லை. மடைக்கு முன்னால் உள்ள பள்ளம் கடைசியாகத்தான் காயும். மேலே ஓடு மாதிரி இறுகியிருக்கும், அடியில் முழங்கால் ஆழத்துக்குச் சேறு.

பக்கத்தில் ஆடு மேய்ப்பவர் யாராவது இருப்பார். "அண்ணே, இப்படியே போனா அந்தக் கரை ஏறலாமா?" என்று கேட்டால், "போகலாம் தம்பி, மடைப்பக்கம் மட்டும் போயிராதீங்க, உள்ள ஆளை விட்டுரும்" என்பார். எந்த ஆப்பிலும் இந்தத் தகவல் கிடைக்காது.

காய்ந்த பாளத்தின் மேல் ஓட்ட எந்த மோடும் சரி, மென்மையானதே வசதி. தெரியாமல் ஈரக் களியில் இறங்கிவிட்டால் மணலின் கணக்குத்தான்: டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஆஃப், சீரான பவர், நிற்காமல் வெளியே. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. களியில் சக்கரத்தை வேகமாகச் சுற்றவிட்டால் பற்களுக்குள் அப்பிய மண் சிதறிப் பிடிப்பு திரும்பும், அதனால் தேவைப்பட்டால் ஒரு கணம் கூடுதலாகத் திறக்கலாம். முன் மட்கார்டு தாழ்வாக இருக்கிற வண்டியில் களி உள்ளே அடைத்து முன் சக்கரமே சுற்றாமல் போவதும் உண்டு. அப்போது எந்த மோடும் உதவாது, குச்சியால் குத்தி எடுக்க வேண்டியதுதான்.

கரையில் கண்ட இடத்தில் ஏறாதீர்கள். வண்டி ஏறிய தடம் மழையில் வாய்க்காலாகி, கரை உடைவதில் போய் முடியும். ஏற்கெனவே வண்டிப் பாதை போட்ட சரிவில் மட்டும் ஏறுங்கள். அந்த ஏற்றம் குட்டையாக, செங்குத்தாக இருக்கும். வேகத்தை அடிவாரத்திலேயே சேர்த்துக்கொண்டு, உச்சிக்கு வரும் முன்னால் கையைத் தளர்த்த வேண்டும். மென்மையான மோடில் இரண்டாவது கியர் இதற்குப் போதும். வேகமான மோடில் போனால் உச்சியில் முன் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். இறங்கும்போது ஆக்சிலரேட்டரை மூடி, இன்ஜின் பிடிக்கும் பிடியிலேயே இறங்குங்கள். சில வண்டிகளில் மென்மையான மோடு இந்த இன்ஜின் பிடியையும் குறைத்துவிடும். அதையும் பொட்டல் பயிற்சியிலேயே பார்த்து வையுங்கள்.

திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் பறவைகள் சரணாலயம். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடாதவர்கள். அங்கே சைலன்சர் சத்தத்தோடு போகிறவரை என்ன சொல்வது.

காடும் பாறையும்

தைலமரக் காட்டில் சருகு வழுக்கும், சருகுக்கடியில் வேர் இருக்கும். மென்மையான மோடு, டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஆன். வேரைக் குறுக்காக, செங்கோணத்தில் கடந்தால் போதும். சீமைக்கருவேலம் அடர்ந்த பாதையில் மோடைவிட முள்தான் பிரச்சினை. டியூப்பும் பஞ்சர் சாமான்களும் இல்லாமல் போகாதீர்கள். குன்றக்குடிப் பக்கம் தரையோடு கிடக்கும் பாறைத் தளங்களில் பிடிப்பு அபாரமாக இருக்கும், பாசி பிடித்த இடம் தவிர. வனத்துறை எல்லைக் கல்லோ பலகையோ தெரிந்தால் அனுமதி இல்லாமல் உள்ளே போக வேண்டாம். கோயில் காடுகளுக்கு மரியாதை தனி, அங்கே வண்டியை வெளியே நிறுத்துங்கள்.

பவர் மோடு இல்லாத வண்டிக்கு

கேபிள் வண்டி வைத்திருப்பவர் வருத்தப்பட ஒன்றுமில்லை. மென்மை வேண்டுமானால் ஒரு கியர் கூட்டி, இன்ஜினைக் குறைந்த சுற்றில் ஓட்டுங்கள். உடனடிப் பவர் வேண்டுமானால் ஒரு கியர் குறைத்து, சுற்றை மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பல்ஸ் 200 4வி-யின் முழு டார்க் (முறுக்குவிசை) 17 நியூட்டன் மீட்டரை ஒட்டி, 6,500 சுற்றில் வருகிறது. மணலில் அதை 3,000 சுற்றில் தள்ளாடவிட்டால் அது என்ன செய்யும், பாவம். ஆக்சிலரேட்டர் கேபிளில் சிறிது தளர்வு விட்டால் குலுக்கலில் கை அசைந்தாலும் வண்டி பாயாது, ஆனால் கையேட்டில் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

மண்ணில்தான் அதிகம் ஓட்டப் போகிறீர்கள் என்றால் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை மாற்றுவதை யோசிக்கலாம். முன்பக்கம் ஒரு பல் குறைப்பது, பின்பக்கம் ஏறக்குறைய மூன்று பல் கூட்டுவதற்குச் சமம். இரண்டில் எதைச் செய்தாலும் கீழ் வேகத்தில் இழுவை கூடும், தார் ரோட்டில் இன்ஜின் கூடுதல் சுற்றில் கத்தும். திருச்சிக்கும் மதுரைக்கும் அடிக்கடி ஓட்டுகிறவர் இதைச் செய்தால் ஒரு வாரத்தில் திரும்ப மாற்றச் சொல்லி மெக்கானிக்கிடம் வந்து நிற்பார்.

பாதையில் மற்றவர்கள்

மயில் திடீரென்று குறுக்கே ஓடும். ஆட்டு மந்தை வந்தால் நின்று இன்ஜினை அணைத்துவிடுங்கள், மேய்ப்பவர் கை காட்டிய பிறகு கிளம்பலாம். தை மாதத்தில் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டம் குன்றக்குடியிலிருந்து மேற்கே போகும். அந்த நாட்களில் அந்தப் பக்கத்துக் கிளைப் பாதைகளில்கூட வெறுங்காலோடு நடப்பவர்கள் இருப்பார்கள். அவர்களைக் கடக்கும்போது மென்மையான மோடு, இரண்டாவது கியர், கல் தெறிக்காத வேகம்.

தாருக்குத் திரும்பும்போது

மண் முடிந்து தார் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். முதலில் காற்றைக் கையேட்டு அளவுக்கு ஏற்றுங்கள். காற்றுக் குறைந்த டயரில் வேகமாகப் போனால் சூடேறும், வளைவில் வண்டி நெளியும். அடுத்து சாவியை அணைத்துப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஏ.பி.எஸ்ஸும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் தாமாகவே ஆனுக்கு வந்துவிடும். வந்துவிட்டதா என்று திரையில் கண்ணால் பாருங்கள். நகர ஆரம்பித்ததும் ஏ.பி.எஸ் விளக்கு அணைய வேண்டும், எரிந்துகொண்டோ மின்னிக்கொண்டோ இருந்தால் இன்னும் ஆஃபில்தான் இருக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. பாதை நடுவில் படம் எடுக்கச் சாவியை அணைத்திருந்தால், நீங்கள் ஆஃபில் வைத்தது சொல்லாமல் ஆனுக்குப் போயிருக்கும். மணலுக்கு முன் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், ரேடியேட்டர் இருந்தால் அதன் இடுக்குகளில் சேர்ந்த மண்ணை மெல்லிய தண்ணீரில் கழுவுங்கள், அழுத்தமாகப் பீய்ச்ச வேண்டாம். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். செட்டிநாட்டுத் தூசி மாவு போல நைசாக இருக்கும், ஒரு நாள் கூட்டமாகப் போய்வந்தாலே ஃபில்டர் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். அடைத்த ஃபில்டரோடு அடுத்த வாரம் கிளம்பினால் பெர்ஃபார்மன்ஸ் மோடே எக்கோ மாதிரி இழுக்கும், குறை மோடில் என்று நினைத்துப் பட்டனை அமுக்கிக்கொண்டிருப்பீர்கள்.